விஸ்கிக்குத் திருவிழா அங்கே... மதுக்கடைக்குப் பூட்டு இங்கே! சேலம் - நாமக்கல் ஒரு நாள் டிரிப்

ஸ்காட்லாந்தில் ஐலா என்றொரு குட்டித் தீவு. ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் அங்கே திருவிழா களைகட்டும். தேர் கிடையாது, பொங்கல் கிடையாது, கெடா வெட்டும் கிடையாது. விஸ்கிதான் மூலவர்! தீவிலுள்ள ஆலைகள் நாளுக்கொன்றாகக் கதவைத் திறந்துவைக்க, பல நாடுகளிலிருந்து கூட்டம் வந்து இறங்கும்.

இந்த மாதிரி விழாக்களில் என்ன நடக்கும்? பலரும் நினைப்பதுபோல விடிய விடியக் குடி இல்லை. சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு மடக்கு ஊற்றுவார்கள். முதலில் முகர வேண்டும். சில சொட்டு தண்ணீர் விட்டு, நாக்கில் வைத்து ருசி பார்க்க வேண்டும். விழுங்க விருப்பமில்லை என்றால் துப்புவதற்குத் தனிப் பாத்திரம் உண்டு. வண்டி ஓட்டி வந்தவருக்கு அவர் பங்கைக் குட்டி பாட்டிலில் அடைத்து, ‘வீட்டுக்குப் போய்ப் பாருங்க’ என்று கொடுத்தனுப்பும் இடங்களும் உண்டு.

இன்னொரு விஷயம். ஸ்காட்லாந்தில் தானியத்தைப் புளிக்கவைத்து, காய்ச்சி வடித்து, ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் வைத்த பிறகுதான் அதற்கு விஸ்கி என்று பெயர். நம்மூர் கதை வேறு. மோகனூர் சாலையில் கரும்பு லோடு போவதைப் பார்த்திருப்பீர்கள். கரும்பில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பாகுதான் மொலாசஸ். இந்தியாவில் விஸ்கி என்று விற்கும் பெரும்பாலான பாட்டில்களில், அந்தப் பாகிலிருந்து வடித்த சாராயம் கலந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு விஸ்கி என்று லேபிள் ஒட்ட முடியாது!

சரி, சேலம் - நாமக்கல் பக்கம் இப்படி ஏதாவது விழா உண்டா? இல்லை. ஆனால், அதற்கு நேர் எதிரான ஒரு கதை இந்த மண்ணில் இருக்கிறது. ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிடலாம், வாங்க!

முதல் ஸ்டாப்: சேலம்

1937 அக்டோபர் 1. சென்னை மாகாணத்திலேயே முதலாவதாக சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாமே அன்று சேலத்துக்குள் அடக்கம். சட்டம் கொண்டுவந்த ராஜாஜி, இதே ஊரில் வக்கீலாகத் தொழில் பார்த்தவர். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர்.

அதற்கும் முன்பே இங்கே ஒரு சம்பவம் நடந்திருக்கிறது. கள்ளுக்கு எதிரான காங்கிரஸ் போராட்டத்தின்போது, சேலத்தை ஒட்டிய தாதம்பட்டியில் தனக்குச் சொந்தமான சுமார் 500 தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார் பெரியார். பிற்காலத்தில் அரசியலில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு நண்பர்களும் ஒத்துப்போன விஷயம் இது.

இரண்டாவது ஸ்டாப்: புதுப்பாளையம்

சேலத்திலிருந்து சங்ககிரி வழியாக திருச்செங்கோடு. மலை மேல் அர்த்தநாரீஸ்வரர், கீழே வரிசை கட்டி நிற்கும் ரிக் வண்டிகள். அங்கிருந்து புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்துக்குப் போகலாம். 1925-ல் ராஜாஜி தொடங்கியது. ஊருக்கு வெளியே, பிள்ளைகளோடு இங்கேயே குடியேறி, கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு என்று வேலை பார்த்தார். காந்தியும் இங்கே வந்திருக்கிறார்.

1929-ல் இங்கிருந்து ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை வந்தது. மதுவிலக்குக்காக மட்டுமே ஒரு பத்திரிகை! துணை ஆசிரியர் யார் தெரியுமா? ‘பொன்னியின் செல்வன்’ எழுதிய கல்கி. வந்தது 10 இதழ்கள்தான். குடியின் கேட்டைக் கதையாகச் சொன்னால்தான் ஜனங்கள் படிப்பார்கள் என்று எழுதிப் பழகிய இளைஞர், பின்னாளில் தமிழ்நாட்டையே வாராவாரம் காத்திருக்க வைத்தார்.

பிரமாண்ட மியூசியத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மரநிழல், எளிய கட்டடங்கள், கதர்... அவ்வளவுதான். பகலில் போங்கள். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கட்டாயம். சித்திரை, வைகாசி வெயில் இந்தச் சமவெளியில் மண்டையைப் பிளக்கும். வேலை செய்பவர்களை போட்டோ எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடையை மூடினால் போதுமா?

வழியெல்லாம் பனையும் தென்னையும் பார்க்கும்போது இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 1937-ல் கடை மூடியதும் மரம் ஏறியவர்களின் பிழைப்பு போனது. அரசுக்கு வருமானம் போனது. அதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. மளிகைக் கடை பில்லில் நாம் கட்டிய வரிக்குப் பூர்வீகம் சேலத்துக் கள்ளுக்கடைதான்!

1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-ல் கலைஞர் ஆட்சியில் அது நீக்கப்பட்டது; வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள அவர் வீட்டுக்கே போனார், 90 வயதைத் தாண்டிய ராஜாஜி. 1974-ல் திரும்ப மதுவிலக்கு. 1981-ல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் மறுபடி கடை. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது.

2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கண் தெரியவில்லை, வயிறு எரிகிறது என்று துடித்தவர்களில் பலரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தது சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான். டாஸ்மாக் திறந்திருக்கும் காலத்தில்தான் இதுவும் நடந்தது. கையில் இருக்கும் காசுக்கு எது கிடைக்கிறதோ அதைக் குடித்தவர்கள், பெரும்பாலும் கூலித் தொழிலாளிகள். முகர்ந்து பார்த்து, துப்பிவிட்டுப் போகிற வசதி அவர்களுக்கு இல்லை.

இந்த டிரிப்புக்கு வீட்டுப் பெரியவர்கள் யாரையாவது கூட்டிப்போங்கள். 60-களில் ‘பர்மிட்’ வைத்திருந்தவர்கள் கதை, ஊருக்கு வெளியே ஊறல் போட்டவர்கள் கதை என்று வழி முழுக்கப் பேச அவர்களிடம் நிறைய இருக்கும். குடிக்கிற ஒருவர் வீட்டில் இருந்தால் அவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். அட்வைஸ் எதுவும் வேண்டாம். பஸ்ஸில் ஜன்னல் சீட் மட்டும் கொடுங்கள்.