வேரோடு வந்த பேணி

திருகோணமலை உட்துறைமுக வீதியில் நாம் முன்னர் குடியிருந்த வீட்டு வேலியோரம் ஒரு வேம்பு நின்றது. காற்றில் முறிந்து விழுந்த அதன் கிளையொன்றில் ஒட்டியிருந்த ஓர்க்கிட் செடியை எடுத்து, செம்மண்ணும் மாட்டெருவும் நிரப்பிய சட்டியில் நட்டோம். நாள் தவறாது நீர் வார்த்தோம். ஒரு மாதத்துக்குள் அது அழுகிப்போயிற்று. வகுப்பறையில் தாவரவியல் போதித்துக்கொண்டிருந்த நமக்கு இது பெரும் வெட்கமாயிருந்தது.

அது வந்தா தெசெல்லாட்டா. நமது வறண்ட வலயத்து மரங்களில் வாழ்வது. பழுப்புக் கட்டமிட்ட இதழ்களும் ஊதா உதடும் மணமும் உடைய பூ. அதன் வேரைச் சுற்றி வெண்ணிறப் பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. மழை பட்டால் நீரை உறிஞ்சிப் பசுமையாகும். பின் காற்றில் உலர வேண்டும். மண்ணில் புதைத்தால் அவ்வேர் மூச்சு முட்டிச் சாகும்.

இச்செடியைப் புல்லுருவி என்று வெட்டியெறிவோர் பலர். வந்தா என்ற பெயரே வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அச்சொல் மரத்தில் வாழும் ஒட்டுண்ணிகளையும் குறித்தது. ஆனால் புல்லுருவி மரத்தின் உடலுக்குள் வேரைச் செலுத்திச் சாற்றைக் குடிக்கிறது. இதுவோ நிற்க ஓரிடம் கேட்கிறதேயன்றி, மரத்திடம் ஒரு துளியும் பறிப்பதில்லை. உறிஞ்சுகிறவனை விட்டுவிட்டு, ஒதுங்கி நிற்க இடம் கேட்டவனைப் பழிக்கும் வழக்கம் தாவரங்களோடு நின்றுவிடவில்லை என்பதை வாசகர் அறிவர்.

இடம் மாற்றுவதற்குரிய காலத்தைச் செடியே சொல்லும். பூத்து முடிந்து, வேர்களின் நுனி புதிதாய்ப் பச்சை காட்டும்போது மாற்றலாம். சட்டியிலிட்ட பொச்சு உக்கிப் புளித்த வாடை வீசினால் தாமதிக்கலாகாது. கச்சான் காற்று வறட்டும் மாதங்களில் தொடாதிருப்பதே நன்று. வேர்களை முதலில் நீரில் ஊறவிட்டால் அவை வளைந்து கொடுக்கும். உள்ளீடற்றுக் காகிதமாய்ப் போனவற்றை நெருப்பில் காட்டிய கத்தியால் வெட்டி, கரித்துண்டும் ஓட்டுச் சல்லியும் இட்ட துளைச் சட்டியில் வைத்து, காயம் ஆறச் சில நாள் நீரின்றி விட வேண்டும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த தில்லாண்சியாவுக்கு இத்தனை பாடும் இல்லை. அது இலையாலேயே நீர் குடிப்பது. தாயில் பாதியளவு வளர்ந்த குட்டியைப் பிரித்து எங்காவது கட்டித் தொங்கவிட்டால் போதும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டோம் என்ற பெருமிதத்தோடுதான் 2016ஆம் ஆண்டு புரட்டாதியில் கொட்டியாரக் குடாவின் அக்கரையிலுள்ள சம்பூருக்குப் போனோம். 2006இல் ஊரைவிட்டு விரட்டப்பட்டுக் கிளிவெட்டி முகாமில் காலங்கழித்த ஓர் ஆச்சி, காணி மீண்டு திரும்பியிருந்தார். வீடு இருந்த இடத்தில் அத்திவாரக் கற்களும் பற்றையும். கிணற்றை அடையாளமாய் வைத்தே தம் வளவைக் கண்டதாகச் சொன்னார். முகாமில் தகரக் கொட்டிலின் கம்பத்தில், ஆணியால் துளையிட்ட பால்மாப் பேணியில் வளர்த்த ஓர்க்கிட் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். முற்றத்து வேம்பில் அதைக் கட்ட வேண்டும். மாரி மழைக்கு முன் கட்டினால் வேர் மரத்தைப் பற்றிக்கொள்ளும், காலம் சரியே. நுனிகளும் பச்சையாயிருந்தன.

துருப்பிடித்த பேணியிலிருந்து செடியைக் கழற்ற முனைந்தோம். துளைகளின் வழியே புகுந்து தகரத்தைச் சுற்றிப் பின்னிக்கொண்டிருந்த வேர்கள் அசையவில்லை. கத்தியை எடுத்தோம்.

ஆச்சி நம் கையைப் பிடித்தார். "வெட்டாத தம்பி. பேணியோடயே கட்டுவம். அதுவும் பத்து வருசம் எங்களோட கிடந்ததுதானே."

முறையும் அதுதான், பழைய கூட்டோடு ஒட்டிய வேரைப் பிய்க்காமல் அப்படியே வைப்பது. படித்திருந்தும் மறந்திருந்தோம். ஆச்சி கயிற்றை நீட்டினார். பேணியின் வாய் தெற்கே சாய்ந்திருக்கும்படி கட்டினோம். இல்லாவிட்டால் வாடைக்கால மழை நிறைந்து நிற்கும்.