தலைக்கு நான்கு நிமிஷம்

உங்களிடம் தொண்ணூறு பையன்களை ஒப்படைத்து, 'மூன்று நாளில் இருபத்திரண்டு பேரைப் பொறுக்கி எடுங்கள், மற்றவர்களுக்கு பதில் சொல்லி அனுப்புங்கள்' என்றால் என்ன செய்வீர்கள்? தினம் இரண்டு மணி நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள், தலைக்கு நான்கு நிமிஷம். சலூனில் முடி வெட்டிக்கொள்ளக்கூட அதைவிட அதிகம் ஆகும்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில், ஆகஸ்ட் மாத வெயிலில், உயர்நிலைப் பள்ளி சாக்கர் கோச்சுகள் இதைத்தான் செய்கிறார்கள். 'ட்ரைஅவுட்' என்று பெயர். (நம் ஃபுட்பால்தான் அவர்களுக்கு சாக்கர். ஃபுட்பால் என்று அவர்கள் சொல்வது பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதை!) ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை யார் வேண்டுமானாலும் வரலாம். தேறினால் முதல் அணியான வர்ஸிட்டி, கொஞ்சம் குறைந்தால் ஜே.வி. என்கிற இரண்டாம் அணி. அதுவும் இல்லையென்றால் வீடு.

நியூஜெர்ஸியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது மூன்று நாளும் இந்தக் கூத்தைப் பார்த்தேன். அக்கா பையன் பன்னிரண்டாவது. பெற்றோர்களை மைதானத்துக்குள் விடுவதில்லை. அதனால் பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு, செல்போனைப் பார்ப்பதுபோல் வேலி வழியாகப் பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். பையன்களுக்கு மேலே மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு நம்பர் போட்ட பனியன். கோச்சின் அட்டையில் பெயர்கள் கிடையாது, நம்பர்கள்தான். எங்கள் பையன் 47.

முதல் நாள் ஓட்டம். இரண்டு மைலை இத்தனை நிமிஷத்துக்குள் ஓடவேண்டும் என்று கோடை விடுமுறைக்கு முன்பே கடிதம் போய்விட்டதாம். உடம்பு வலுவைவிட, இரண்டு மாதம் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது யார் என்பது இதில் தெரிந்துவிடும். பிறகு நாலு பேருக்கு நாலு பேர் என்று சின்னச் சின்ன ஆட்டங்கள். முழு மைதானத்தில் பதினொரு பேரை விட்டால், தொண்ணூறு நிமிஷ ஆட்டத்தில்கூட ஒருவர் காலில் பந்து மொத்தமாகத் தங்குவது இரண்டு மூன்று நிமிஷம்தான். சின்ன ஆட்டத்தில் யாரும் ஒளிய முடியாது.

ஒரு பையன் நாலு பேரை ஏமாற்றிக்கொண்டு பந்தோடு போனான். காருக்குள் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கோச் எதுவும் எழுதவில்லை. ஐந்தாவது ஆள் பந்தைப் பிடுங்கியதும் பையன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். அப்போது எழுதினார்!

கோச் அந்தப் பள்ளியின் சரித்திர வாத்தியார். சாயங்காலம் பேச்சுக் கொடுத்தேன். பந்து வருவதற்கு முன்னால் பையன் தோளைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்க்கிறானா, அதுதான் முதலில் என்றார். பார்த்தவனுக்கு அடுத்து என்ன செய்வது என்பது முன்னாலேயே தெரியும். அப்புறம், பந்து காலில் பட்டதும் அடங்குகிறதா, ஒரு கஜம் தள்ளி ஓடுகிறதா. பழகாத காலால் என்ன செய்கிறான். சகா தப்பு செய்தால் முறைக்கிறானா, 'பரவாயில்லை' என்கிறானா. பயிற்சி முடிந்ததும் கோன்களைப் பொறுக்குவது யார் என்பதையும் ஓரக்கண்ணால் கவனிப்பாராம்.

இவ்வளவு பார்த்தும் கண் ஏமாறும். பதினைந்து வயதில் ஒருவனுக்கு மீசை முளைத்திருக்கும், இன்னொருவனுக்குக் குரல்கூட உடைந்திருக்காது. ஒரே வகுப்பில் பத்து பதினொரு மாதம் மூத்தவன் திறமைசாலியாகத் தெரிவான். இளைஞர் அணிகளில் வயது வரம்பின் ஆரம்ப மாதங்களில் பிறந்தவர்கள் அதிகமாக இருப்பதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். 2017-ல் நெதர்லாந்தில் வெளியான ஓர் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு பெரிய கிளப்பின் ஸ்கவுட்களுக்கு இளைஞர் ஆட்டங்களைக் காட்டினார்கள். பிறந்த தேதிகளைப் பட்டியலாகக் கொடுத்தும் மூத்தவர்கள் பக்கம் சாய்ந்தார்கள். வயது வரிசைப்படி சட்டையில் நம்பர் போட்டு, அதைச் சொல்லிவிட்டுக் காட்டியபோது அந்தச் சாய்வு போய்விட்டது. காகிதத்தில் இருந்தபோது மூளைக்கு ஏறாத விஷயம் முதுகில் ஏறியதும் ஏறிவிட்டது! நியூஜெர்ஸி பனியன்களில் வந்த வரிசைக்கு நம்பர் கொடுத்திருந்தார்கள்.

மைக்கேல் ஜோர்டானைப் பள்ளி அணியிலிருந்து தூக்கி எறிந்தார்கள் என்று தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் முழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். நடந்தது அது இல்லை. 1978-ல் வட கரோலினாவின் லேனி பள்ளியில் பாஸ்கெட்பால் தேர்வு. அவர் பத்தாம் வகுப்பு. அணிக்கு உயரமான ஆள் தேவைப்பட்டது. அதே வகுப்பிலிருந்து ஆறரை அடிக்கு மேலிருந்த லீராய் ஸ்மித்தை வர்ஸிட்டியில் போட்டுவிட்டு, ஜோர்டானை ஜே.வி.யில் போட்டார்கள். அங்கே அவர் தினமும் ஆடினார். மேலே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருப்பாரோ! அந்தக் கோச்சை வில்லனாக்குவது அநியாயம் என்பது என் கட்சி.

ஆனால் ஜோர்டானுக்குக் கிடைத்த ஜே.வி. எங்கள் 47-க்குக் கிடையாது. பல பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்புப் பையனை இரண்டாம் அணியில் வைத்துக்கொள்வதில்லை. அந்த இடம் வளரப்போகிற சின்னவர்களுக்கு. ஆக சீனியருக்கு வர்ஸிட்டி, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. ஒன்பதாவதிலிருந்து மூன்று வருஷம் மழையிலும் குளிரிலும் வந்தவனாக இருந்தாலும் சரி. கோச்சுகளுக்குத் தூக்கம் கெடுவது இங்கேதான். மூன்று வருஷ விசுவாசத்தை ஒரு பத்தாம் வகுப்புப் பொடியனின் இடது காலுக்கு எதிராக எப்படி நிறுப்பது? அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை.

சில பள்ளிகளில் தேறியவர்கள் பட்டியலைக் கதவில் ஒட்டிவிட்டுக் கோச் காரில் ஏறிப் போய்விடுவார். பையன்கள் அகர வரிசையில் தன் பெயர் இருக்கவேண்டிய இடத்தை இரண்டு மூன்று தரம் தடவிப் பார்ப்பார்கள். அது கோழைத்தனம் என்பேன். இந்த வாத்தியார் ஒவ்வொரு பையனையும் தனியாகக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

47 திரும்பி வந்து காரில் ஏறி, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டான். இரண்டு சிக்னல் வரை பேச்சு இல்லை.

"இல்லைன்னுட்டார் மாமா."

"என்ன காரணம் சொன்னார்?"

"என் இடத்துக்கு ஒரு பத்தாம் கிளாஸ் பையனை எடுத்திருக்கார். நான் பந்து வந்தப்புறம்தான் திரும்பிப் பாக்கறேனாம்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பையன் நிஜமாவே நல்லா ஆடறான் மாமா."

அக்காதான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிரின்சிபாலுக்கு ஒரு கடிதம் எழுத ஆரம்பித்து, அத்திம்பேர் கெஞ்சியதால் நிறுத்தினாள். பையன் அடுத்த வாரமே நெடுந்தூர ஓட்டக்காரர்களின் அணியில் சேர்ந்துவிட்டான். இரண்டு மைல் ஓட்டத்தில் தொண்ணூறு பேரில் மூன்றாவதாக வந்தவன். அந்த அணியில் ட்ரைஅவுட் கிடையாது. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற குண்டுப் பையனுக்கும் நம்பர் கொடுக்கிறார்கள்.