காந்தத்துக்கும் பிட்டுக்கும் நடுவில்

கார்பைடு முனை வைத்த ரூட்டர் பிட் மரத்தில் ஓடி ஓடித்தான் கெடும் என்று நினைக்கிறோம். பல பிட்டுகள் இழுப்பறையில் கிடந்தே கெட்டுப்போகின்றன. டங்ஸ்டன் கார்பைடு எஃகைவிட மிகக் கடினமானது. அந்தக் கடினத்தோடு நொறுங்கும் குணமும் சேர்ந்தே வருகிறது. தேக்கையும் வேங்கையையும் மணிக்கணக்காகச் சீவித் தள்ளும் முனை, பக்கத்தில் உருண்டுவரும் இன்னொரு பிட்டின் முனையில் ஒருமுறை மோதினால் போதும், மூலையில் மணலளவு துணுக்கு பெயர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் நிலைச்சட்டத்தின் ஓரத்தில் வார்ப்பு ஓட்டும்போது, சட்டத்தின் நீளம் முழுக்க ஒரு கோடு எழும்பி நிற்கும். அந்தக் கோட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்கிற வேலை, வார்ப்பு ஓட்டிய வேலையைவிட நீளமானது.

அதனால் பிட்டுகளை எப்படி வைக்கிறோம் என்பதை நான் சாணை பிடிப்பதற்குச் சமமான வேலையாகவே கருதுகிறேன்.

மரக்கட்டையில் துளை போட்டு வரிசையாக நட்டு வைப்பது பழைய வழி. நல்ல வழியும்கூட. ஆனால் என் பட்டறை கடலூர்ப் பக்கம், கடற்காற்று எட்டும் இடத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரத்தை வாங்கி உப்பும். அளவாகப் போட்ட துளை இறுகிப் பிட்டைக் கவ்விக்கொள்ளும். தளர்வாகப் போட்டால் சித்திரையில் பிட் ஆடும். துளையின் அடியில் தூள் இறங்கி ஈரத்தோடு தங்கிவிடும், தண்டு துருவேறும். துரு ஏறிய தண்டை ரூட்டரின் காலட் சீராகப் பிடிக்காது. காந்தமோ பிட்டை ஒரு பக்கமாக மட்டும் தொட்டுப் பிடிக்கிறது. மற்ற பக்கமெல்லாம் காற்றுப் படுகிறது, முனை கண்ணெதிரே தெரிகிறது. நடந்து போகும்போதே எந்த முனையில் பிசின் ஏறியிருக்கிறது, எது மழுங்குகிறது என்று பார்த்துவிடலாம். பிசின் ஏறிய முனை மரத்தைக் கருக்கும். அதைப் பார்த்துவிட்டு மழுங்கிவிட்டது என்று தூக்கி எறிகிறவர்கள் உண்டு. ஆப்ப சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து, உடனே துடைத்து உலர்த்தினால் பெரும்பாலும் பழைய வெட்டு திரும்பிவிடும்.

காந்தம் என்றதும் பலரும் சமையலறைக் கத்திக்கு விற்கும் காந்தப் பட்டையை வாங்கிச் சுவரில் அடிக்கிறார்கள். காந்தமோ அதை மூடிய இரும்போ அதில் வெளியே தெரியும். பிட்டைக் கிட்டே கொண்டுபோனால் கடைசி அரை விரற்கடை தூரத்தைப் பிட் தானாகத் தாவிக் கடந்து ‘டக்’கென்று மோதும். எந்த மோதலுக்குப் பயந்து இழுப்பறையை விட்டோமோ, அதே மோதல். எடுக்கும்போதும் தொல்லைதான். பலமாக இழுக்க வேண்டும், திடீரென்று விட்டுக்கொடுக்கும், இழுத்த கை பக்கத்துப் பிட்டின் முனையில் போய் நிற்கும். இந்த வேலையில் எவ்வளவு வலுவாகப் பிடிக்கிறது என்பதைப் பார்க்கக் கூடாது. இரண்டு விரலால் கொண்டுபோய் வைத்தால் சத்தமில்லாமல் நிற்க வேண்டும். இரண்டு விரலால் சாய்த்தால் வந்துவிட வேண்டும். அந்த அளவைக் கொண்டுவருவது காந்தத்துக்கும் பிட்டுக்கும் நடுவில் நாம் வைக்கும் மெல்லிய மரத்தகடு, அதாவது மரத்தோல்தான்.

காந்தத்தின் பிடி தூரத்தோடு மிக வேகமாகக் குறையும். சின்ன வட்டக் காந்தமென்றால் அரை மில்லிமீட்டர் கூடினாலே கைக்கு வித்தியாசம் தெரியும். கடையில் வலுவான காந்தமாகத் தேடி வாங்கவேண்டிய அவசியம் அதனால் இல்லாமல் போகிறது. நியோடிமியம் காந்தத்தில் என் 35, என் 42, என் 52 என்று தரம் போட்டிருக்கும். எண் கூடக்கூட வலு கூடும். என் 35 தாராளம். மிச்சத்தை மரத்தோலின் தடிமனில் சரிசெய்துகொள்ளலாம்.

நான் செய்யும் பலகை மூன்று அடுக்கு. முன்னால் தேக்குத் தோல், நடுவில் 4 மில்லிமீட்டர் பிளைவுட், பின்னால் 3 மில்லிமீட்டர் இரும்புப் பட்டை. பிளைவுட்டில் 10 மில்லிமீட்டர் விட்டத்துக்கு முழுத் துளைகள் போட்டு, அதே 4 மில்லிமீட்டர் கனமுள்ள வட்டக் காந்தங்களை அந்தத் துளைகளில் இறக்குகிறேன். தடித்த பலகையின் பின்பக்கமிருந்து ஃபோர்ஸ்ட்னர் பிட்டால் குடைந்து, முன்னால் மெல்லிய தோலை மிச்சம் விடலாமே என்று கேட்பார்கள். ஃபோர்ஸ்ட்னர் பிட்டின் நடுவில் ஒரு கூர்முனை உண்டு. அது மற்ற வெட்டு விளிம்பைவிட முந்திக்கொண்டு இறங்கும். தோல் 2 மில்லிமீட்டருக்கு வருவதற்குள் கூர்முனை முன்பக்கம் எட்டிப் பார்த்துவிடும். முழுத் துளை போட்டுவிட்டு மேலே தனியாகத் தோல் ஒட்டினால் அந்தத் தகராறே இல்லை.

வேலையின் வரிசை இங்கே முக்கியம். முதலில் தோலைப் பிளைவுட்டில் ஃபெவிகால் போட்டு ஒட்டி, கிளாம்ப் அடித்துக் காயவிட வேண்டும். காய்ந்த பிறகு தோலை 2.5 மில்லிமீட்டருக்கு இழைத்து எடுக்க வேண்டும். காந்தம் கடைசியில்தான் உள்ளே போகலாம். காந்தத்தை முதலில் வைத்துவிட்டால் இரும்புக் கிளாம்ப் தேவையில்லாத இடத்தில் போய் ஒட்டும், இரும்பு இழைப்புளி ஒவ்வொரு காந்தத்தின் மேல் போகும்போதும் கீழே இழுபடும், தடிமன் சீராக வராது. காந்தத்தை இரும்புப் பட்டையோடு சேர்த்துப் பின்னாலிருந்து மூடித் திருகிவிட்டால், பிறகு எப்போது வேண்டுமானாலும் பிரித்து மாற்றலாம்.

இரும்புப் பட்டை வெறும் முட்டுக்காக அல்ல. காந்தத்தின் முன்பக்கத்திலிருந்து கிளம்பும் விசைக்கோடுகள் சுற்றிக்கொண்டு பின்பக்கம் திரும்பியாக வேண்டும். காற்று வழியாகத் திரும்பினால் சிதறிப்போகும். இரும்பு வழியாக விட்டால் சுருக்கமாகத் திரும்பும், முன்னால் பிடி கூடும். கிரில் பட்டறையில் சொன்னால் நீளத்துக்கு வெட்டித் தந்துவிடுவார்கள்.

துருவங்களைத் திசை பார்த்து வைப்பதில்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இருக்கிறது. காந்தங்களை மேலும் கீழுமாக இரண்டு வரிசையாக வைக்கிறேன். மேல் வரிசை முழுக்க வடதுருவம் முன்னால் பார்க்க, கீழ் வரிசை முழுக்கத் தென்துருவம் முன்னால் பார்க்க. செங்குத்தாக நிற்கும் பிட் இரண்டு வரிசையையும் தொடும்போது மேலிருந்து கீழே பாலம் போட்டுவிடுகிறது: முன்னால் பிட், பின்னால் பட்டை, வட்டம் முழுமையாகிறது. சின்னக் காந்தமே நன்றாகப் பிடிக்கிறது. இன்னொரு பலனும் உண்டு. எல்லாப் பிட்டும் ஒரே திசையில் காந்தமேறுவதால், பக்கத்துப் பக்கத்துப் பிட்டுகள் ஒன்றையொன்று லேசாகத் தள்ளும். துருவங்களை ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி வைத்தால் இது தலைகீழாகி, பிட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். திசை தெரிந்துகொள்ள எல்லாக் காந்தங்களையும் ஒரே தூணாக அடுக்கிக்கொண்டு, மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றும்போது மேல்முகத்தில் மார்க்கரால் புள்ளி வைத்தால் போதும்.

டிரில் பிட்டுகளில் 2 மில்லிமீட்டர் பிட் குட்டையானது, 12 மில்லிமீட்டர் பிட் நீளமானது. ஆகவே கீழ் வரிசையை நேர்கோடாகப் போடாமல் சின்னப் பிட் இருக்கும் பக்கம் மேலேறிப் போகும்படி சாய்வாகப் போடுகிறேன். பட்டையையும் அதற்குத் தகுந்த அகலத்தில் வாங்க வேண்டும். ஒவ்வொரு பிட்டுக்கும் தோலின் மேல் ஒரு ஆழமில்லாத பள்ளம் ஓட்டுகிறேன். பள்ளம் இல்லாவிட்டால் மெல்லிய பிட்டுகள் உருண்டு இடம் மாறும். பள்ளத்தின் ஆழமே பிடியின் அளவையும் முடிவு செய்கிறது. சின்னப் பிட்டுக்கு அரை மில்லிமீட்டர் ஆழம் போதும், கனத்த பிட்டுக்கு ஒன்றரை வரை இறங்கலாம். ஒரே தரக் காந்தம், ஒரே தோல். ஆனாலும் ஒவ்வொரு பிட்டுக்கும் அதற்கேற்ற பிடி. பள்ளத்தை ஓட்டி, பிட்டை வைத்து, எடுத்து, இன்னொரு சீவல் எடுத்து, மறுபடி வைத்துப் பார்க்கும் அந்த நேரத்துக்காகவே நான் இந்தப் பலகையைச் செய்கிறேன் என்றுகூடச் சொல்வேன். ரூட்டர் பிட் பலகையில் இரண்டு வரிசையும் தண்டின் நீளத்துக்குள் நெருங்கி அமைய வேண்டும். தண்டு மேலே, வெட்டுமுனை கீழே, முனைக்கு நேர் பின்னால் மரத்தை வெட்டி எடுத்துவிட்டால் கார்பைடு எதையும் தொடாமல் தொங்கும்.

தோலுக்குத் தேக்குதான் என் விருப்பம். தேக்கில் இருக்கும் இயற்கை எண்ணெய் இரும்போடு ஒத்துப்போகும். துவர்ப்புச் சத்து மிகுந்த மரங்கள் ஈரத்தில் இரும்பைத் தொட்டால் கறுத்துவிடும். மழைக்காலம் தொடங்குமுன் எல்லாப் பிட்டையும் தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்து வைக்கிறேன்.

பெரிய பேனல் பிட்டுகளைச் சுவரில் தொங்கவிடக் கூடாது. அரை அங்குலத் தண்டும் உள்ளங்கை அகல வெட்டும் உள்ளவை அவை. விழுந்தால் பிட்டும் போகும், காலும் போகும். அவற்றுக்கு இழுப்பறைக்குள் வைக்கும் சாய்வான கட்டையில் துளை. தண்டைவிட அரை மில்லிமீட்டர் பெரிதாகத் துளை போட்டு, நடுவில் திருகுத் துளையுள்ள காந்தத்தை அடியில் திருகி, அதன் மேல் ஒரு ரெக்சின் வட்டம். இங்கே காந்தம் எதையும் தூக்கவேண்டியதில்லை. இழுப்பறையைச் சாத்தும்போது பிட் குதிக்காமல், ஆடாமல் இருந்தால் சரி. துளை தளர்வாக இருப்பதால் கார்த்திகையிலும் கவ்வாது. பக்கவாட்டில் சின்னதாக ஒரு வழி விட்டால் தூளும் வெளியேறிவிடும்.

தண்டின் அளவுகளைப் பிரித்து வைப்பதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் ஊரில் மில்லிமீட்டரும் அங்குலமும் ஒரே பட்டறையில் புழங்குகின்றன. “அண்ணே, ஆறு எம்எம்மா, ரெண்டு நூலா?” என்று பையன் கேட்டால் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்கிறேன். இரண்டு நூல் என்பது கால் அங்குலம், 6.35 மில்லிமீட்டர். ஆறு மில்லிமீட்டர் தண்டை இரண்டு நூல் காலட்டில் போட்டு முறுக்கினால் பிடித்த மாதிரியே தோன்றும். நிமிடத்துக்கு 25,000 சுற்றுக்கு மேல் ஓடும்போது தண்டு நழுவிக் கீழிறங்கும், அல்லது பறந்துவரும். 12 மில்லிமீட்டருக்கும் நாலு நூலுக்கும், அதாவது 12.7-க்கும், இதே கதை. ஆகவே ஒரே பலகையில் இரண்டையும் கலப்பதில்லை. மில்லிமீட்டர் பலகையின் விளிம்புக்கு நீல வர்ணம், நூல் பலகைக்குச் சிவப்பு. காலட் நட்டின் மேலும் அதே நிறத்தில் ஒரு கோடு. பெரிய பிட்டுகளுக்கு அவை தாங்கும் அதிகபட்சச் சுற்று தண்டிலேயே பொறித்திருக்கும். அதை அந்தந்தத் துளையின் முன்னால் பெரிதாக எழுதி வைக்கிறேன். தண்டை மெஷினில் பூட்டியபிறகு அந்த எழுத்தை யாரும் படிக்க முடியாது.

காந்தத்தில் வைக்கக் கூடாதவையும் உண்டு. இரும்பில் துளையிடும் எச்எஸ்எஸ் பிட்டுகளை நான் வைப்பதில்லை. அவை காந்தமேறிவிட்டால் இரும்புச் சீவல் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த துளைக்குள்ளும் போகும். சாணை பிடிக்கும்போது முனையில் மீசைபோல நிற்கும் பொடியால் விளிம்பைப் பார்க்கவே முடியாது. மரத்தூளைக் காந்தம் இழுக்காது என்பதால் மரவேலைப் பிட்டுகளுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் இரும்புப் பொடியை இழுக்கும் என்பதால் பலகையைச் சாணை இயந்திரத்தின் அருகில் மாட்டக் கூடாது. அப்படியும் பொடி ஏறினால் பிசையும் மாவு உருண்டையால் ஒற்றி எடுக்கலாம். முழுக் கார்பைடில் செய்த சுருள் பிட்டுகளையும் பலகையில் நம்பி விட முடியாது. டங்ஸ்டன் கார்பைடைக் காந்தம் பிடிக்காது. அதன் துகள்களைப் பிணைக்கும் கோபால்ட்டைத்தான் பிடிக்கும். அது பொதுவாக 6 முதல் 12 சதவீதமே இருக்கும். பிட் ஒட்டிய மாதிரி இருக்கும், கதவைச் சாத்தினால் விழும்.

1983-இல் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே இந்த நியோடிமியம், இரும்பு, போரான் கலவைக் காந்தத்தை அறிவித்தார்கள். அதற்கு முன் பட்டறைக்காரன் கைக்கு எட்டியது கறுப்பு ஃபெரைட் காந்தமும் அல்நிக்கோவும்தான். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுக்கும் ஃபெரைட் வளையத்தை நான் இன்னும் ஒதுக்கவில்லை. துருவே பிடிக்காது, கனமான கட்டைகளுக்கு நன்றாக உதவுகிறது. நியோடிமியம் அப்படியல்ல. நிக்கல் பூச்சு உடைந்தால் கடற்காற்றில் உதிர்ந்து பொடியாகிவிடும். சாதாரணத் தரத்துக்கு 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வலு நிரந்தரமாகக் குறையும். ஆகவே காந்தத்தை எங்காவது ஒட்டவேண்டியிருந்தால் சூடான பசைத் துப்பாக்கி வேண்டாம். அரால்டைட் போதும், ஒட்டும் முகத்தை உப்புத்தாளால் பூச்சு போகாமல் மெதுவாகச் சுரண்டிவிட்டு ஒட்ட வேண்டும். காந்தத்தில் துளையிடவோ அரம் போடவோ கூடாது. நொறுங்கும், அதன் பொடி தீப்பிடிக்கும். மிச்சமான காந்தங்களைக் குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடும்; உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பட்டறைக்கு வந்தால் இந்தப் பலகையிடமிருந்து தள்ளியே உட்காரச் சொல்லுங்கள்.

பலகையைச் சுவரில் நிரந்தரமாகத் திருகாதீர்கள். ஒரு சட்டத்தை நீளவாக்கில் 45 டிகிரிச் சாய்வாக அறுத்து, ஒரு பாதியைச் சுவரிலும் மறு பாதியைப் பலகையின் முதுகிலும் வைத்தால், தூக்கினால் பலகை கையோடு வந்துவிடும். வீட்டு வேலைக்குப் போகும்போது, அதே சாய்வுச் சட்டம் உள்ளே பொருத்திய ஒரு மூடி வைத்த பெட்டிக்குள் அதை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். வண்டியின் குலுக்கலில் பிட் இடம் மாறினால், அந்தப் பிட்டின் பள்ளத்தில் மட்டும் இன்னொரு சீவல் எடுங்கள்.