போணக்காடு: பொதிகையின் மேற்கு வாசல்

திருவனந்தபுரத்து வீடுகளின் குழாயில் வருவது பெரும்பாலும் கரமனையாற்றுத் தண்ணீர். அருவிக்கரையில் தேக்கிச் சுத்திகரித்து நகரத்துக்கு அனுப்புகிறார்கள். அதற்கும் மேலே 1983இல் பேப்பாறை அணை எழுந்தது. அதே ஆண்டில் அணையைச் சுற்றியுள்ள 53 சதுர கிலோமீட்டர் காடு வனவிலங்குச் சரணாலயமானது. அந்தக் காட்டின் விளிம்பில், நகரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில், பேருந்துத் தடம் முடியும் இடத்தில் இருக்கிறது போணக்காடு. நாம் பொதிகை என்றும் அகத்தியமலை என்றும் சொல்லும் மலைக்கு மேற்கிலிருந்து ஏறுகிறவர்களின் கடைசி ஊர் இதுதான்.

நெடுமங்காடு வழியாக விதுரா வரை சாலை நன்றாக இருக்கும். விதுராவில் வழி பிரிகிறது. ஒன்று கல்லாறு தாண்டி, 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் பொன்முடிக்குப் போகிறது. விடுமுறை நாள் கூட்டம் முழுக்க அந்தப் பக்கம்தான். மற்றொன்று ஜெர்சி ஃபார்ம், காணித்தடம் செக்போஸ்ட் என்று காட்டுக்குள் நுழைந்து போணக்காட்டில் முடிகிறது. அரசுப் பேருந்து உண்டு, ஆனால் எண்ணிச் சொல்லக்கூடிய அளவில்தான். நெடுமங்காட்டிலோ விதுராவிலோ நேரம் விசாரித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

ஊர் என்றதும் கடைத்தெருவைத் தேடக்கூடாது. பிரிட்டிஷார் காலத்தில் தொடங்கிய தேயிலைத் தோட்டமே ஊர். இரும்புச் சட்டங்களும் துருப்பிடித்த எந்திரங்களுமாகத் தேயிலை ஆலை நிற்கிறது. பல ஆண்டுகளாக அதில் சக்கரம் சுழலவில்லை. கத்தரிக்க ஆளில்லாமல் தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்துவிட்டன. தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். மூணாற்றையும் இலங்கை மலையகத்தையும் அறிந்தவர்களுக்கு அந்தச் சொல்லோடு அதற்குள் இருக்கும் வாழ்க்கையும் தெரியும். சம்பளமும் பணிக்கொடையும் பாக்கியாகவே நிற்க, இளையவர்கள் கீழே வேலை தேடிப் போனார்கள். கூரை ஒழுகும் லயங்களில் மிஞ்சியவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் இணையத்தில் போணக்காடு பிரபலமானது இவர்களால் அல்ல. '25 ஜி.பி.' என்ற பாழடைந்த பங்களாவால். வெள்ளைக்கார மேலாளரின் சிறுமகள் அங்கே இறந்துபோனாள், இப்போதும் உலவுகிறாள் என்று ஒரு கதை. அதைக் கேட்டு வந்து சுவரில் பெயர் கிறுக்கிவிட்டுப் போகிறவர்கள், பங்களாவுக்குக் கீழே மனிதர்கள் குடியிருக்கும் லயங்களைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

ஜனவரி பிறந்தால் ஊருக்கு வேறு முகம். கேரள வனத்துறை அகஸ்தியார்கூடம் ஏற்றத்துக்கு அனுமதி கொடுக்கும் பருவம் அது. இணையத்தில் முன்பதிவு, ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு, அடையாள அட்டை, உடல்தகுதிச் சான்றிதழ் என்று நிபந்தனைகள் பல. பிளாஸ்டிக், மது, பூஜைப் பொருட்கள் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து அகத்தியரைக் கும்பிட வரும் பக்தர்களும் இவ்வழியேதான் ஏறுகிறார்கள். ஏனென்றால் நம் பக்கத்துச் சரிவு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது.

போணக்காடு வனச் சாவடியில் பையைச் சோதித்து அனுப்புவார்கள். கரமனையாறு, வாழைப்பைத்தியாறு, அட்டையாறு என்று நீரோடைகளைக் கடந்து, நிழலில்லாத புல்வெளியில் வெயில் வாங்கி, ஏழுமடக்கத்தேரி என்னும் செங்குத்தான வளைவுகளில் ஏறி, ஏறக்குறைய 15 கி.மீ. நடந்தால் அதிருமலை முகாம். இரவுத் தங்கல் அங்கேதான். தங்கும் விடுதி என்று நினைத்துப் போனால் ஏமாற்றம். கூரை போட்ட ஷெட், தரையில் பாய், வரிசையாகப் படுத்திருக்கும் அறிமுகமில்லாதவர்கள், குளிர்ந்த ஓடைத் தண்ணீர். பசிக்கு இக்கோ டெவலப்மென்ட் கமிட்டியின் கேன்டீனில் கஞ்சியும் பயறும் கிடைக்கும். போர்வையும் டார்ச்சும் நாம் கொண்டுபோக வேண்டும்.

மறுநாள் காலையில்தான் உண்மையான ஏற்றம். ஈற்றை மூங்கில் காடும் சோலையும் கடந்து பொங்காலப்பாறை. அதற்குமேல் கயிற்றைப் பிடித்து ஏறும் வழுக்குப் பாறைகள். 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர் சிலை. கிழக்கே தாமிரபரணியின் காடு, மேற்கே நெய்யாறு, கரமனையாறுகளின் காடு. இரு மாநிலங்களிலும் பரந்த இந்த 3,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகத்தை யுனெஸ்கோ 2016இல் தன் உலகப் பட்டியலில் சேர்த்தது.

இந்த மலையில் தங்கியவர்களில் விசித்திரமானவர் ஜான் ஆலன் ப்ரௌன். திருவிதாங்கூர் அரசரின் வானாய்வுக்கூடத்துக்கு இயக்குநராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர். பூமியின் காந்தப்புலம் உயரத்துக்கு ஏற்ப எப்படி மாறுகிறது என்று பார்க்க, 1855இல் சிகரத்தை ஒட்டி ஓர் ஆய்வுக்கூடமே கட்டினார். கருவிகளையெல்லாம் மனிதர்கள் சுமந்து ஏறினார்கள். அவருடைய அளவீடுகள் 1874இல் நூலாக வந்தன. கருவிகளைச் சுமந்தவர்களின் பெயர்கள் யாருக்கும் நினைவில்லை.

மலையின் பூர்வகுடிகளான காணிக்காரர்களுக்கும் ஏறக்குறைய இதுவே நேர்ந்திருக்கும். 1987இல் தாவர ஆய்வாளர் குழு ஒன்று காட்டுக்குள் நடந்தது. உடன்வந்த காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு களைப்பே இல்லாமல் நடப்பதைக் குழு கவனித்தது. அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோடு என்னும் ஊரிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் அதிலிருந்து 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. தயாரிப்பு உரிமையைக் கோவை ஆர்ய வைத்திய பார்மசி பெற்றது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென அறக்கட்டளை பதிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடாக உலகம் இதைப் பேசுகிறது.

அதே காணிக்காரர்களுக்கு அகத்தியமலை தெய்வத்தின் இருப்பிடம். பெண்கள் மேலே ஏறக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பாலினத் தடை செல்லாது என்றது. 2019 ஜனவரியில் கே. தன்யா சனல் என்ற பெண் சிகரம் ஏறினார். காணிக்காரர்கள் போணக்காட்டில் கூடி எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள், யாரையும் தடுக்கவில்லை. இன்று பெண்கள் இயல்பாக ஏறி இறங்குகிறார்கள்.

இதற்கிடையே கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. படுக்கை, சமையலறை, குளியலறையோடு ஓடும் வண்டிகள். அவற்றை நிறுத்த 50 சென்ட் நிலத்திலாவது அமையும் பூங்காக்கள். முதல் பூங்கா 2022இல் வாகமண்ணில் திறந்தது. அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களின் வாசலில் இத்தகைய முகாம்கள் சகஜம். போணக்காட்டுக்கும் அது வரலாமே என்று தோன்றும். வரக்கூடாது என்பதே என் கட்சி. சாலை குறுகல், யானைகளின் நடமாட்டம் என்பவை சிறிய காரணங்கள். இந்தச் சரிவில் கொட்டும் கழிவுநீர் எதுவானாலும் பேப்பாறைக்குப் போய், ஒரு மாநிலத் தலைநகரத்தின் குடிநீரில் கலக்கும் என்பதே பெரிய காரணம். அதிருமலையின் பாயும் கஞ்சியும் குறைபாடுகள் அல்ல. காடு தாங்கக்கூடிய வசதி அவ்வளவுதான்.

ஆனால் வசதிக்குறைவை ஓரிரு இரவுகள் நாமே விரும்பி ஏற்பது ஒன்று. லயத்தில் ஆயுள் முழுக்க அதைச் சுமப்பது வேறு. முகாமில் வசதி கூடாது என்று வாதாடுகிற நமக்கு, லயத்துக்கு அது வேண்டும் என்று கேட்கும் கடமையும் இருக்கிறது. ஏற்றக் கட்டணத்தில் ஒரு பங்கு லயங்களின் கூரைக்கும் பேருந்துத் தடத்துக்கும் போகட்டும். தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வழிகாட்டி வேலையிலும் கேன்டீன் வேலையிலும் முதலிடம் கிடைக்கட்டும். போகிறவர்கள் நகரத்திலிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டு போகாமல், காணிக்காரரும் தோட்டத்துக்காரரும் விற்பதை வாங்கிச் சாப்பிடுங்கள். பேய் பங்களாவை விட்டுவிடுங்கள்.