சிவப்பு நிலம்

சோனகத் தெருவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் புதிதாக நிலம் போடுவதென்று வாப்பா சொன்னதும் வீட்டில் இரண்டு கட்சி உண்டாயிற்று. எனக்கும் தம்பிக்கும் வெள்ளை மாபிள் வேண்டும். உம்மும்மாவுக்குப் பழைய சிவப்புச் சீமெந்து நிலம் அப்படியே இருக்க வேண்டும்.

அது 1989இல் பெரியும்மாவின் கலியாணத்துக்காகப் போட்ட நிலம். சிவப்புத் தூள் கலந்த சீமெந்தைப் பூசி, இறுகுவதற்குள் கரண்டியால் அழுத்தி அழுத்தி மினுக்குவார்களாம். ஓர் அறையைத் தொடங்கினால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். இடையில் விட்டால் பொருத்துத் தெரியும். பிறகு ஒரு கிழமை தண்ணீர் கட்டி வைத்து, காய்ந்த பின் பொலிஷ் பூசித் தேங்காய்ப் பொச்சால் தேய்ப்பது. பொச்சில் ஏறிச் சறுக்கி விளையாடி அடி வாங்கியதை உம்மா இன்னும் சொல்வார்.

அந்த நிலத்தில் அவர்கள் இரண்டு வருடம்கூட நடக்கவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியால அவகாசம். வடக்கிலிருந்து அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டவர்கள் 70,000 பேருக்கும் மேல். புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலுக்குள் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தது மணல் நிலம். எவ்வளவு கூட்டினாலும் சோற்றுக்குள் மணல் வரும் என்பார் உம்மும்மா.

யுத்தம் முடிந்த பிறகு வந்து பார்த்தபோது ஓடு இல்லை, கதவு நிலை இல்லை, யன்னல் இல்லை. கழற்ற முடிந்ததெல்லாம் போயிருந்தது. பற்றையை வெட்டி, மண்ணை வாரிக் கழுவினால் சிவப்பு மட்டும் இருந்தது, வெடிப்புகளோடு.

மேசன் வந்து தட்டிப் பார்த்தார். "அக்கா, பழைய நிலத்தைக் கொத்தாமல் மேலே பதிச்சால் மாபிள் பிடிக்காது, கிளம்பீடும்" என்றார். உம்மும்மா எதுவும் பேசாமல் எழுந்து உள்ளே போனார். வாப்பாதான் முடிவெடுத்தார்: ஹோலுக்கும் எங்கள் அறைக்கும் மாபிள், உம்மும்மாவின் அறையில் கை வைப்பதில்லை.

கணக்கு என் பொறுப்பு. எங்கள் அறை பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. இரண்டடிக்கு இரண்டடி மாபிள் 30 போதும். வெட்டில் உடைவதற்கென்று மூன்று கூட எடுத்தோம். மினுங்கல் ரகம் ஈரக்காலில் வழுக்கும் என்பதால், வுழூச் செய்யும் இடத்துக்குச் சொரசொரப்பானதை உம்மா தெரிந்தார். கடையில் அதுதான் அழகில்லாதது. இன்று அதில்தான் எல்லோரும் பயமில்லாமல் நிற்கிறோம்.

உம்மும்மாவின் அறையில் வெடிப்புகளுக்கு மட்டும் சிவப்புத் தூள் கலந்து அடைத்தார் மேசன். அடைத்த கோடுகள் கொஞ்சம் கடும் நிறமாகத் தெரிகின்றன. பழைய சிவப்புக்குச் சரியான தூள் இப்போது கிடைக்காது என்றார். எனக்கு அந்தக் கோடுகள் பிடித்திருக்கின்றன. உம்மும்மாவுக்குப் பிடிக்கவில்லை, வெயில் ஏறுமுன் பொச்சோடு உட்கார்ந்து தேய்க்கிறார். அந்த அறைக்கு வாங்கிய கட்டில் இன்னும் விறாந்தையில்தான் கிடக்கிறது. கால் கீறிவிடுமாம்; அவர் பாயில் படுக்கிறார்.