கட்டாத அபராதம்

"‘கோபல்ல கிராமம்’ இன்னும் வரலையே சார், அபராதம் ஏறிக்கிட்டே போகுது" என்றார் கிளை நூலகர். போன மாதமே நான் கையில் கொடுத்த புத்தகம்! வாய் வரை வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு, "அலமாரியில ஒரு தடவை பார்த்துடலாமா மேடம்?" என்றேன்.

எழுத்தாளர் கி.ரா.வின் நூல் வரிசையில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. பதிவு எண்ணும் அதேதான். பதிவேட்டில் வரவு வைக்க விட்டுப்போயிருக்கிறது.

"மன்னிச்சுக்குங்க சார், ஒத்த ஆளா பார்க்குறேன்" என்றார். கோபம் போன இடம் தெரியவில்லை.

எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. நூலகரின் நேரத்தை நாமும் கொஞ்சம் சேமிக்கலாம்தானே?

இப்போதெல்லாம், "வரவு வெச்சாச்சா மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறேன்.