அருண் ஆற்றுக்கு அப்பால் – 5: கெண்டித் தண்ணீரில் ஏறும் கூர்

கிழக்கு நேபாளத்தின் ஹிலேயில் நின்று பார்த்தால் போஜ்பூர் மலை பக்கத்தில்தான் தெரிகிறது. நடுவில் அருண் ஆறு கிடக்கிறது. 1,500 மீட்டருக்கு மேல் இறங்கி, லெகுவாகாட்டில் ஆற்றைத் தாண்டி, இறங்கியதில் பெரும்பகுதியை மறுபடி ஏற வேண்டும். ஜீப்பில் பக்கத்து இருக்கைப் பாட்டி வளைவுக்கு வளைவு என் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மழைக்காலத்தில் இந்தப் பாதைப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

போன வாரம் தரானில் விட்டிருந்தேன். பிரிட்டிஷ் ராணுவம் கூர்க்காக்களைச் சேர்த்துக்கொண்ட ஊர். அதற்கான முகாம் இருந்த இடத்தில் இன்று பி.பி. கொய்ராலா பெயரில் மருத்துவ நிறுவனம் நடக்கிறது. கடைத்தெருவில் பித்தளைச் சிங்கமுகப் பிடியும் சிவப்பு வெல்வெட் உறையுமாகக் குக்ரி என்ற வளைந்த கத்திகள் தொங்கின. உறையை விட்டு எடுத்தால் ரத்தம் காட்டாமல் திரும்பப் போடக் கூடாது என்ற கதையையும் ஒரு கடைக்காரர் சேர்த்துக் கொடுத்தார். போஜ்பூரில் விடிந்த முதல் காலையிலேயே அந்தக் கதை செத்தது. தங்கியிருந்த வீட்டு அம்மா குக்ரியால் பூசணியைப் பிளந்தார், விறகைச் சீவினார், துடைத்து உறையில் போட்டார். கதை மெய்யானால் அந்த வீட்டில் ஒரு கோழிகூட மிஞ்சியிருக்காது.

பட்டறை ஊருக்குக் கீழே, ஒரு வீட்டுக் கொல்லையில், மக்காச்சோளப் பாத்தியை ஒட்டி இருந்தது. ஆரன் என்கிறார்கள். தகரக் கூரை, சுவர் ஒரு பக்கம் மட்டும். தரையில் சிறு குழிதான் உலை. அதன் அருகில் மண்ணில் பாதி புதைத்த இரும்புக் கட்டி, அதுதான் பட்டடை. கொல்லர் குந்தியபடியே அடிக்கிறார். பழைய தோல் துருத்தி மூலையில் சுருண்டு கிடந்தது. காற்று கொடுப்பது கையால் சுற்றும் ஊதுவிசிறி. அதைச் சுற்றிக்கொண்டிருந்தது அவருடைய பேத்தி, மறுகையில் பள்ளிக்கூடப் புத்தகம். மகன் கத்தாரில் கட்டட வேலையில் இருக்கிறாராம். அறுபதைத் தாண்டிய பெரியவருக்குச் சம்மட்டி அடிக்கக் கூலியாள் ஒருவர்.

இரும்பு, பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை. நம் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கும் அதே சரக்குதான். காரணமும் ஒன்றே: சுமார் 0.6 விழுக்காடு கரி கலந்த எஃகு அது, தோய்ச்சலுக்கு நன்றாகக் கெட்டிப்படும். வயிறு புடைத்த அந்த வடிவத்துக்கு அச்சு எதுவும் கிடையாது. காய்ச்சி அடித்து, மறுபடி காய்ச்சி அடித்து, கண்ணாலேயே வளைவைக் கொண்டுவருகிறார். முதுகு தடிமனாக நிற்கிறது, கூர்ப்பக்கம் மெலிகிறது. எடை முன்பக்கம் சேர்வதால்தான் ஒரே வெட்டில் மூங்கில் விழுகிறது. பிடியருகே சிறு வெட்டுப்பள்ளம் ஒன்றைக் கடைசியில் அரத்தால் ராவினார். அது எதற்கு என்று ஊரில் கேட்டால் ஆளுக்கொரு பதில். பசுவின் குளம்பு என்பார்கள், சிவனின் திரிசூலம் என்பார்கள், ரத்தம் பிடிக்கு வராமல் சொட்டுவதற்கு என்பார்கள். பெரியவரிடம் கேட்டேன். "அப்பா போட்டார், நானும் போடுகிறேன்" என்றார்.

நான் பார்க்க வந்தது தோய்ச்சலை. கத்தி முழுவதையும் தண்ணீரில் முக்கினால் முழுவதும் கெட்டிப்படும், கட்டையில் ஓங்கி வெட்டும்போது ஒடிந்து போகும். ஆகவே இங்கே முக்குவதில்லை. நெருப்பில் சிவந்த கத்தியைக் குறடால் பிடித்து, கூர்ப்பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்திக்கொண்டு, டீக்கடைக் கெண்டி ஒன்றை எடுத்தார். மூக்கு வழியே மெல்லிய தாரையாகத் தண்ணீர், கூரின் ஓரத்தில் மட்டும், முன்னும் பின்னுமாக ஓடியது. வயிற்றுப் பகுதியில் இரண்டு முறை கூடுதலாக. வெட்டு அதிகம் விழும் இடம் அதுதான். கூர் சட்டென்று குளிர்ந்து இறுகியது. முதுகு இன்னும் சிவப்பாகவே இருந்தது. முதுகின் சூடு மெல்லக் கூருக்குப் பரவி, இறுகிய கூரின் முறிவுத் தன்மையைக் கொஞ்சம் தணிக்கும். உலோகவியல் பாடப்புத்தகம் இரண்டு தனி வேலைகளாகச் சொல்வதை அவர் ஒரே சூட்டில் முடித்துவிட்டார். வெப்பமானி கிடையாது. நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்பதால்தான் பட்டறை நிழலாக இருக்கிறது. ஆறியதும் கூரில் அரத்தை ஓட்டினார், கடிக்காமல் வழுக்கியது. போதும் என்பதுபோல் தலையசைத்தார்.

உறையில் பெரிய கத்தியோடு இரண்டு குட்டிகளும் செருகியிருக்கும். கர்தா தோல் சீவவும் சில்லறை வேலைக்கும். சக்மக் கூரில்லாதது, பெரிய கத்தியைத் தீட்டலாம், கல்லில் உரசித் தீப்பொறி எடுக்கலாம். தீப்பெட்டியும் லைட்டரும் வந்த பிறகு பொறிக்கு ஆள் இல்லை, ஆனாலும் செய்கிறார்கள்.

மறுநாள் சந்தை. மலையேறி வந்தவர்களின் முதுகில் டோகோ, அடி குறுகி வாய் அகன்ற மூங்கில் கூடை. அதைத் தாங்கும் பட்டை, நாம்லோ, தோளில் அல்ல, நெற்றிக்கு மேலே உச்சந்தலையில் உட்காருகிறது. கையில் டோக்மா என்ற T வடிவக் குட்டைத் தடி. மூச்சு வாங்கும்போது கூடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து நின்றபடியே இளைப்பாறலாம், சுமையை இறக்க வேண்டியதில்லை. எவரெஸ்ட் பக்கம் நாம்சே சந்தைக்குப் போகும் சுமைக்காரர்களை எடைபோட்டு 2005ல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 விழுக்காடும் பெண்கள் 66 விழுக்காடும் சுமந்தார்கள். நல்ல நாம்லோவை அல்லோ என்ற மலைக் காஞ்சொறியின் நாரில் பின்னுவார்கள். பட்டையை உரித்து, சாம்பல் கரைத்த நீரில் வேகவைத்து, அடித்து அலசினால்தான் நார் மிருதுவாகும். காஞ்சொறியை அறுப்பதும், டோகோவுக்கு மூங்கில் பிளப்பதும், டோக்மாவைச் செதுக்குவதும் அந்தக் குக்ரிதான். இந்த மலையில் முதுகிலும் கையிலும் இருக்கிற எல்லாமே ஏதாவதொரு கொல்லை உலையிலிருந்து தொடங்குகின்றன.

அந்த உலையின் சொந்தக்காரர்கள் காமி சாதியினர். விஸ்வகர்மா என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறார்கள். நம் ஊரில் அதே பெயரைச் சொல்லும் கம்மாளர்கள் பூணூல் அணிகிறார்கள். இங்கே ஜங் பகதூர் ராணாவின் 1854ஆம் ஆண்டுச் சட்டம் காமிகளைத் தீண்டத்தகாதவர் பட்டியலில் எழுதிவைத்தது. 1963ல் புதிய சட்டம் அதை நீக்கியது. தீண்டாமையைத் தண்டிக்கத் தனிச்சட்டம் 2011ல்தான் வந்தது. முன்பு பாலி என்றொரு முறை: ஆண்டு முழுக்க வீடுகளின் அரிவாள், மண்வெட்டியைக் காய்ச்சித் தர வேண்டும், அறுப்பு முடிந்ததும் தானியம். இப்போது பணம். பணமே மேல் என்றார் பெரியவர். தானியம் வாங்கத் திண்ணைக்குக் கீழே நிற்க வேண்டியிருந்ததாம். அவர் அடித்த குக்ரி அடுப்படிவரை போகும். எனக்காக இந்தியில் மொழிபெயர்த்த கல்லூரி மாணவன் மேல்சாதிப் பையன். அந்தப் பேச்சை மட்டும் மிகச் சுருக்கமாக முடித்துவிட்டான்.

சீசம் மரப் பிடி போட்டு, அரக்கு உருக்கி வார்த்து இறுக்கிய குக்ரி ஒன்றை வாங்கினேன். கண்ணாடிபோல் மினுக்கித் தரட்டுமா, அதற்குத் தனிக் காசு என்றார்; வெட்டு ஒன்றேதான் என்றும் அவரே சொன்னார். மினுக்காமலே எடுத்துக்கொண்டேன். வாங்குகிறவர்கள் விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், சரக்கில் போடும் பெட்டிக்குள் வையுங்கள்.

அருணின் கரையோடு மேலே போனால் தும்லிங்டார், அதற்கும் மேலே சைன்பூர். அங்கே மெழுகில் உருவம் பிடித்து மண் பூசிப் பித்தளை வார்க்கிறார்கள். அடுத்த வாரம் அந்தச் சூளைக்குப் போவோம்.